மூன்றில் இரண்டும் ஒரு சமக்குறியும்

அழித்துவிடலாம். கையில் டஸ்டர் இருக்கிறது, கரும்பலகை ஓர் எட்டுத் தூரத்தில் இருக்கிறது, எழுதியவரோ வராந்தாவில் நின்று போன் பேசுகிறார். மூக்கைச் சொறிகிற நேரத்தில் முடிகிற காரியம் என்று செண்பகவடிவு டீச்சர் நினைத்தாள். நினைத்துக்கொண்டே டஸ்டரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பலகையில் வெள்ளை வெளேரென்று, கடைப் பலகை எழுத்து மாதிரிப் பெரிதாக, 2/3 = 0.66 என்று இருந்தது. எழுதியது வட்டாரக் கல்வி அலுவலர் ஞானசிகாமணி. எழுதி முடித்து, விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளை ஊதிவிட்டு, "எல்லாரும் நோட்ல எழுதிக்கிடுங்க" என்று ஏழாம் வகுப்புக்குச் சொல்லி, "என்ன டீச்சர், சரிதான?" என்று அவளையும் கேட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையில் போன் அடிக்க, "ஒரு நிமிசம்" என்று வெளியே போய்விட்டார். ஆள் போய்விட்டார், கேள்வி போகவில்லை. திரும்பி வந்தால் அதை மறுபடி கேட்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். சும்மா நின்றதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, பார்வைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மாசிலாமணி சார் சொல்லி வைத்திருக்கிற இளநீரைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறுவார். அதற்கப்புறம் அவளுடைய மனு. காலையில் ஜீப்பிலிருந்து இறங்கியதுமே அவர்தான் சிரித்துக்கொண்டு சொன்னார், "உங்க ஊர் ஸ்கூலுக்கே மாற்றுப்பணி கேட்டிருந்தீங்கல்லா? மனு என் மேசைலதான் கெடக்கு. இன்னைக்கு உங்க கிளாஸைப் பாத்துட்டுப் போயி ஆர்டர் போட்டுருதேன்." அவளுடைய ஊர்ப் பள்ளிக்கூடம் அவள் வீட்டுத் தெருவிலேயே இருக்கிறது. காலைக் கூட்டத்தின் பாட்டுச் சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். இரண்டு பஸ் வேண்டாம், இடையில் பஸ் மாறுகிற விலக்கு ரோட்டில் வெயிலில் நிற்க வேண்டாம், கண்டக்டர் "ஏறுங்கம்மா சீக்கிரம்" என்று விரட்ட, மடங்க மறுக்கிற வலது முழங்காலைக் கையால் தூக்கிப் படியில் வைக்கிற அந்த அசிங்கம் வேண்டாம். புள்ளிக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஆறோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் முழங்கால் பிழைத்தது.

ஆனால் தப்பு ஆறில் தொடங்கவில்லை, கையில் தொடங்கியது. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைமையாசிரியர் மாசிலாமணி சாருக்கும் முந்தின தலைமையாசிரியர் காலத்து ஏற்பாடு என்று கேள்வி. ஆபீசர் வந்து கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் கை தூக்கவேண்டும். விடை தெரிந்தவர்கள் வலக்கை, தெரியாதவர்கள் இடக்கை. ஆபீசர் கண்ணுக்கு வகுப்பு முழுக்க அறிவு தளும்பி நிற்கும். டீச்சர் வலக்கையாகப் பார்த்து எழுப்பிவிட்டால் போதும். பின்னத்தைத் தசமமாக்குகிற பாடத்தைவிட இந்தக் கைப்பாடத்துக்குத்தான் நேற்று ஒத்திகை அதிகம். கணக்குகளையும் அவள் பொறுக்கித்தான் வைத்திருந்தாள்: இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் மூன்று. எல்லாம் நல்ல இடத்துப் பின்னங்கள், வகுத்தால் மீதி வைக்காமல் அடங்கி உட்காருகிறவை. ஞானசிகாமணியும் இப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்தான் போலிருக்கிறது. எழுந்த கைகளைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார், மீசைக்குள் சிரித்தார், டீச்சரை முந்திக்கொண்டு, "அந்தா, இடக்கையைத் தூக்கிருக்கே, அந்தப் பாப்பா வா" என்று முப்பிடாதியைக் கூப்பிட்டு, ஒத்திகையில் இல்லாத மூன்றில் இரண்டைக் கொடுத்தார். விடை தெரியாத பிள்ளையைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. முப்பிடாதி பிறவி இடக்கைக்காரி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவளுக்கு அந்தக் கைதான் எழும்பும்; "வலக்கைளா, வலக்கை" என்று நேற்று ஒத்திகையில் பக்கத்துப் பிள்ளை அவள் விலாவில் குத்திக் குத்திச் சலித்துப்போனாள். முப்பிடாதி வந்து, சாக்பீஸை வாங்கி, அவள் பாட்டுக்கு வகுக்க ஆரம்பித்தாள். இருபதில் மூன்று ஆறு தடவை, பதினெட்டு, மீதி இரண்டு. சைபர் சேர்த்தால் மறுபடி இருபது. மறுபடி ஆறு, மறுபடி இரண்டு. ஆறுகள் வரிசையாக விழுந்தன. கொஞ்ச நேரத்தில் நின்று, திரும்பி, "டீச்சர், இது முடியாது டீச்சர்" என்றாள். அழுகிற குரலில் அல்ல. இனிமேல் பஸ் இல்லை என்று தெரிந்தவள் நடக்கத் தொடங்குமுன் பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வாளே, அந்தக் குரலில். செண்பகவடிவுக்கு உள்ளே ஏதோ துள்ளியது. இத்தனை வருஷத்தில் இதை எந்தப் பிள்ளையும் தானாகச் சொன்னதில்லை. அவள்தான் சொல்லியிருக்கிறாள், அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் ஆபீசர் எழுந்துவிட்டார். "முடியலைன்னா நாமதான் பாப்பா முடிச்சு வைக்கணும்" என்றார். டஸ்டரை எடுத்து அவள் போட்டதையெல்லாம் வழித்துவிட்டு, இரண்டே ஆறோடு 2/3 = 0.66 என்று பெரிதாக எழுதினார். "ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே ரெண்டு எடத்துக்கு மேல ஏறாது. கணக்குன்னா நிறுத்தத் தெரியணும்." வகுப்பு சிரித்தது. ஆபீசர் சிரித்தால் சிரிக்கவேண்டும் என்பதும் ஒத்திகையில் உண்டு.

அவர் சொன்னதும் ஒரேயடியாகத் தப்பில்லைதான். நிறுத்தித்தானே ஆகவேண்டும்? தையல்காரர் நிறுத்துகிறார், மருந்துக் கடைக்காரர் நிறுத்துகிறார், ராக்கெட் விடுகிறவர்கள்கூட எங்கேயோ ஒரு இடத்தில் போதும் என்று நிறுத்திவிட்டுத்தான் விடுகிறார்கள். அதற்குத் தோராயம் என்று கௌரவமான பெயர் இருக்கிறது. ஆனால் தோராயத்துக்கும் ஒரு ஒழுக்கம் உண்டே. அடுத்து வருகிற இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முன்னதில் ஒன்றைக் கூட்டவேண்டும்; 0.67 என்று போட்டு, 'ஏறக்குறைய' என்று பக்கத்தில் எழுதவேண்டும். 0.66-ஐ மூன்றால் பெருக்கினால் 1.98, இரண்டு அல்ல. ஆக, பலகையில் இருப்பது சரியும் இல்லை, ஒழுங்கான தோராயமும் இல்லை; தப்பிலேயே ஒரு தப்பு. இதையெல்லாம்விட அந்தச் சமக்குறி. இரண்டே இரண்டு சின்னக் கோடு. இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒன்றேதான், எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன் என்று நிற்கிற சாட்சி. அதைப் பொய்ச் சாட்சி சொல்ல வைத்துவிட்டு மனுஷன் போன் பேசப் போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று தோன்றியது. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, ஒரு மா, காணி, கடைசியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று எத்தனை பெயர்! அவள் கல்லூரியில் படிக்கிறபோது ஒருநாள் விளையாட்டாக அத்தனையையும் தசமமாக்கிப் பார்த்திருக்கிறாள். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் முடிகின்றன. முந்திரிகூட 0.003125 என்று சமர்த்தாக முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வாய்பாட்டில் மூன்றில் ஒன்றுக்கு ஒரு பெயர் கிடையாது. நெல்லை அளந்தவர்களுக்கும் பொன்னை நிறுத்தவர்களுக்கும் மூன்றாக்குகிற வேலை வராமலா இருந்திருக்கும்? ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் பிறக்காமலா இருந்திருக்கும்? வந்தால் எப்படிப் பிரித்தார்களோ. யாராவது ஒருத்தி 'சரி, விடு' என்று சொல்லியிருப்பாள்.

இங்கே வந்து நிற்கவேண்டாம் என்றுதான் இவ்வளவு சுற்றினாள், வந்து நின்றுவிட்டாள். அப்பாவின் நிலம் ஒரு ஏக்கர். ஏக்கர் என்றால் நூறு சென்ட். பங்குக்கு மூன்று பேர்: அண்ணன் குற்றாலிங்கம், அவள், தங்கை கோமதி. பத்திர ஆபீஸ் வாசலில் வேப்பமரத்து நிழலில் எழுத்தர் கேட்டார், "நூறை எப்படிங்க பிரிக்கது?" அண்ணன் யோசிக்கவே இல்லை. "புள்ளி போட்டெல்லாம் பத்திரம் எழுதமுடியாதுளா செம்பகம். உனக்கு முப்பத்திமூணு, அவளுக்கு முப்பத்திமூணு, மிச்சம் எனக்கு. ஒரு சென்ட்ல என்ன மாடமாளிகையா கட்டப்போறேன்?" புள்ளி போட்டும் பத்திரம் எழுதலாம், எழுதுகிறார்கள், அரை சென்ட் கால் சென்ட் எல்லாம் எழுதுகிறார்கள் என்று கணக்கில் பட்டம் வாங்கியவளின் வாய் வரைக்கும் வந்தது. கோமதி முழங்கையால் இடித்தாள். "சரி, விடுக்கா. ஒரு சென்ட்தான. சண்டை போட்டோம்னு நாளைக்கு ஊரு பேசும்." அவள் கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு வேறு. மறுமாதம் அண்ணன் கம்பிவேலி போட்டபோதுதான் தெரிந்தது, கிணறு அந்தச் சென்ட்டுக்குள் இருந்தது. ஒரு சென்ட் என்றால் நானூற்று முப்பத்தைந்து சதுர அடி, அப்புறம் புள்ளி ஆறு. கிணறும் மோட்டார் அறையும் கணக்காக உட்காருகிற அளவு. அண்ணனுக்கு நியாயமாகச் சேரவேண்டியது முப்பத்திமூன்றும் மூன்றில் ஒன்றும். முப்பத்திநான்கு எடுத்தால் கூடுதலாகப் போனது எவ்வளவு? அவள் பலகையைப் பார்த்தாள். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை இதை மனசுக்குள் கழித்துப் பார்த்திருக்கிறாள், விடை என்றைக்கும் அதேதான். மூன்றில் இரண்டு. சரியாக மூன்றில் இரண்டு சென்ட். அண்ணனிடம் போய், கிணற்றில் எனக்கு உள்ளதைக் கொடு என்று இனிக் கேட்கமுடியாது, கேட்கவும் போவதில்லை. அது பத்திரமாகிவிட்டது. இது இன்னும் சாக்பீஸ்தான்.

இது சாக்பீஸ்தான் என்று நினைத்ததும் முழங்கால் வலித்தது. காலையில் தைலம் தேய்த்துவிட்டபடியே வீட்டுக்காரர் சொன்னார், "இன்னைக்கு ஒருநாளாவது வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. உன் லா பாயிண்டையெல்லாம் ஆர்டர் வந்தப்புறம் எடு." நல்ல மனுஷர், தப்பாகச் சொல்லமாட்டார். ஆர்டர் வந்தப்புறம். அப்படித்தான் செய்யலாமே? ஜீப் போகட்டும், நாளைக்கு முதல் பீரியடில் நோட்டை எடுக்கச் சொல்லி, நேற்று ஒரு சின்னத் தவறு என்று ஆரம்பித்தால் ஆயிற்று. யாருக்கும் நோகாது. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனையும் அவித்த முட்டை வாசனையும் சேர்ந்து வந்தன. பிள்ளைகளின் பேனா அந்த வாசனைக்கு வேகம் எடுத்தது. வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்திருந்தன, வரிசை வரிசையாக 0.66 பிறந்துகொண்டிருந்தது. நாளைக்குச் சொன்னால் இவர்கள் ஒரே நாளில் இரண்டு பாடம் படிப்பார்கள்: மூன்றில் இரண்டுக்கு முடிவில்லை என்பது ஒன்று, ஆபீசர் ஜீப்பில் ஏறின பிறகுதான் கணக்கு சரியாகும் என்பது இன்னொன்று. முதல் பாடத்தைப் பரீட்சை முடிந்ததும் மறந்துபோவார்கள். இரண்டாவதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். வராந்தாவில் ஞானசிகாமணியின் குரல் உயர்ந்தது. "எண்பத்தாறு புள்ளி ஆறு ஆறா? தேர்ச்சி சதவீதத்துல என்னங்க புள்ளி, எண்பத்தேழுன்னு ஏத்திப் போட்டு அனுப்புங்க." அவள் காதை நம்பாமல் வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே ஆறு ஏறுகிறது, இங்கே ஆறு அறுபடுகிறது! மேலே அனுப்புகிற ஆறுக்கு ஒரு சட்டம், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஆறுக்கு ஒரு சட்டம். மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மாசிலாமணி சார், அவள் டஸ்டரைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துப் பதறி, "டீச்சர், வேண்டாம் டீச்சர்" என்று வாயை மட்டும் அசைத்தார். இளநீர் சொல்லியிருக்கேன் என்று சைகையில் காட்டினார், இளநீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ. மூன்றாவது வரிசையில் முப்பிடாதி எழுதவில்லை. பேனா மூடியைக் கழற்றவே இல்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை, கெஞ்சலில்லை. கடையில் எடை போடுகிறவனின் கையைப் பார்ப்பது மாதிரி சும்மா ஒரு பார்வை. பக்கத்துப் பிள்ளை, "எழுதுளா, ஆபீசர் வந்துருவாக" என்று கிசுகிசுத்தாள். "எதை எழுத?" என்றாள் முப்பிடாதி, அதைக்கூடக் குரலைத் தாழ்த்தாமல். எதை எழுத. அப்பா செத்ததிலிருந்து, இல்லை, அதற்கும் முன்னாலிருந்து, செண்பகவடிவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை; எல்லாரும் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்றுதான் காட்டியிருக்கிறார்கள்.

பலகைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த அந்த ஓர் எட்டை வலது காலால்தான் வைத்தாள். முழுவதும் அழிக்கவில்லை. டஸ்டரின் முனையால், கண்மை கலைந்ததைத் துடைப்பதுபோல, அந்த இரண்டு கோட்டை மட்டும் துடைத்தாள். 2/3 ஒரு பக்கம் நின்றது, 0.66 ஒரு பக்கம் நின்றது, நடுவில் ஒருவரையொருவர் தெரியாத இடைவெளி. போனைப் பையில் போட்டுக்கொண்டே ஞானசிகாமணி வாசலில் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், நடுவுல அழிஞ்சிருக்கு?"

"தூசி தட்டும்போது பட்டிருக்கும் சார்" என்று எழுந்தேவிட்டார் மாசிலாமணி.

"தூசி இல்ல சார்" என்றாள் அவள். குரல் வெளியே வந்தபோது அது தன்னுடையதுதானா என்று ஒரு கணம் சந்தேகம், பிறகு பழகிவிட்டது. "நான்தான் அழிச்சேன். நீங்க கேட்டுட்டுப் போனீங்கல்லா, சரிதானன்னு. சரியில்ல சார்."

பேனாக்கள் நின்றன.

"ரெண்டு கோடுதான டீச்சர்" என்று சிரித்தார் அவர். இந்தத் தடவை வகுப்பு அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

"ரெண்டு கோடுதான் சார். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தான் அதைப் போடலாம். இந்தப் பிள்ளை போட்டதுதான் சரி. நாமதான் பாதியில அறுத்துட்டோம்." நாம் என்றது மரியாதைக்கு.

"அப்ப எங்கதான் நிறுத்தணும்ங்கீங்க?"

ஆறின் தலைமேல் ஒரு புள்ளியோ கோடோ போட்டு, இது திரும்பத் திரும்ப வரும் என்று சொல்லி முடிக்கிற வழி இருக்கிறது. அது மேல் வகுப்புப் பாடம். அதை இப்போது சொன்னால் ஆபீசருக்கு வசதியாகப் போய்விடும், தலையாட்டிவிட்டு இளநீருக்குப் போய்விடுவார். செண்பகவடிவு அதைச் சொல்லவில்லை. "முப்பிடாதி, இங்க வா" என்றாள். "ஆபீசர் எங்க நிறுத்தணும்னு கேக்காக. நீ வகுத்துக்கிட்டே போ. மீதி வராம ஒரு எடம் வந்தா அங்க நிறுத்து."

முப்பிடாதி வந்தாள். 2/3-க்குப் பக்கத்தில் அவளே புதிதாக இரண்டு கோடு போட்டாள், சைபர் போட்டாள், புள்ளி வைத்தாள், மிச்சமிருந்த பழைய 0.66-ஐப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு ஆறு போடத் தொடங்கினாள். இடக்கையால் எழுதுவதால் உடம்பு முன்னே முன்னே போக, ஆறுகள் அவளுக்குப் பின்னால் ஒன்றொன்றாக வெளிவந்தன. முன் வரிசையில் ஒருவன் மெல்ல, "மீதி ரெண்டு" என்றான். அடுத்த ஆறுக்கு இரண்டு மூன்று குரல், "மீதி ரெண்டு." அதற்கடுத்த ஆறுக்கு வகுப்பே சொன்னது. ஒத்திகையில் இல்லாதது. மாசிலாமணி சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிமென்ட் சுவரில் கறுப்புச் சாயம் அடித்த பலகை அது. வாசலுக்கு இரண்டு முழம் முன்னால் முடிந்துவிடும். முப்பிடாதி அந்த ஓரத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், பலகை தீந்துட்டு."

"சுவர் இருக்குல்லா?"

வெள்ளையடித்த சுவரில் சாக்பீஸ் சரியாகத் தெரியவில்லை. முப்பிடாதி பென்சிலை எடுத்துக்கொண்டாள். ஆறுகள் வாசலை நோக்கி நகர்ந்தன. ஞானசிகாமணி வாசல் நிலையில் தோளைச் சாய்த்து நின்றிருந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, கொஞ்சம் காய்ந்திருந்தது. பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில், "டீச்சர், உங்க மனு என் மேசைல இருக்கு. நெனவு இருக்குல்லா?" என்றார்.

"இருக்கு சார். அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் செண்பகவடிவு. முப்பிடாதியின் பென்சில் அவருடைய சட்டைக் கையை ஒட்டி வந்து நின்றிருந்தது. வகுப்பு அடுத்த மீதிக்குக் காத்திருந்தது. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். பிள்ளை வருது."